பதிவேடும் பந்தும்: அர்ஜென்டினக் கால்பந்தை நடத்திய அயலார்

விழா மலர் என்றால் வாழ்த்துச் செய்திகள், பொறுப்பாளர்களின் படங்கள், சங்கத்தின் வயது என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைக்கு நடுவே அயல்நாட்டுச் சங்கம் ஒன்றின் கதையும் இருக்கட்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். அர்ஜென்டினாவை எடுத்துக்கொண்டேன். 1978, 1986, 2022 என மூன்று உலகக் கோப்பைகளை வென்ற நாடு. மாரடோனாவையும் மெஸ்ஸியையும் பற்றி நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாட்டின் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கி, முதல் இருபது ஆண்டுகள் அதன் கூட்டக் குறிப்பை எழுதி, சந்தா வாங்கி, ஆட்ட அட்டவணை போட்டவர்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். இது பலருக்குத் தெரியாத செய்தி.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடலாம். அர்ஜென்டினா பிரிட்டனின் காலனி அல்ல. அங்கே ஆங்கிலேயர் ஆளவில்லை. ரயில் பாதை போட்டார்கள், வங்கி நடத்தினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த நாட்டின் முக்கிய ரயில்வேக்கள் பல பிரிட்டிஷ் கம்பெனிகளின் கையில் இருந்தன. குமாஸ்தா, பொறியாளர், கணக்காளர், ஆசிரியர் என்று கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதிகாரம் இல்லாத இடத்தில் அயலார் ஓர் அமைப்பை நடத்தினால் அது எப்படி நடக்கும், எப்படிக் கைமாறும் என்று பார்ப்பதற்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

முதல் ஆட்டம் 1867இல். தாமஸ் ஹாக், ஜேம்ஸ் ஹாக் என்ற சகோதரர்கள் அந்த ஆண்டு மே 9 அன்று பியூனஸ் அயர்ஸில் ஒரு கால்பந்துக் கிளப்பைத் தொடங்கினார்கள். மே 25 அன்று லா போகா பக்கம் ஆடுவதாக ஏற்பாடு. மழை பெய்து அந்தத் தாழ்நிலத்தில் தண்ணீர் தேங்கிவிட்டதால் ஆட்டம் தள்ளிப்போனது. ஜூன் 20 அன்று பலெர்மோவில் இருந்த கிரிக்கெட் மைதானத்தில் கூடினார்கள். எதிர்பார்த்த அளவு ஆள் வரவில்லை. பக்கத்துக்கு எட்டுப் பேர்தான் சேர்ந்தார்கள். ஒரு பக்கத்துக்குச் சிவப்புத் தொப்பி, மறுபக்கத்துக்கு வெள்ளைத் தொப்பி. பெண்கள் பார்க்கும் இடத்தில் அரைக்கால் சட்டையோடு ஓடுவது முறையா என்று ஒரு விவாதம் வேறு நடந்ததாம். ஹாக் அணி 4-0 என்று ஜெயித்தது.

அதற்குப் பிறகு? சொல்லும்படி ஒன்றுமில்லை. அந்தக் கிளப் சில ஆண்டுகளில் ரக்பி பக்கம் சாய்ந்துவிட்டது. துறைமுகத்துக்கு வந்த மாலுமிகளும் ஓய்வு நேரத்தில் பந்து உதைத்திருக்கிறார்கள். கப்பல் கிளம்பினால் பந்தும் கிளம்பிவிடும். இந்த இடத்தைத்தான் வரலாறு எழுதுகிறவர்கள் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். பந்து வந்து இருபத்தைந்து ஆண்டுகளாகியும் அந்த ஊரில் ஒரு சங்கம் நிலைக்கவில்லை. ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அடுத்த ஞாயிறு யாரோடு யார், எந்த மைதானம், யார் நடுவர், தோற்றவன் முறையிட்டால் யார் கேட்பது என்று எழுதிவைக்க ஆள் இல்லை.

எழுதிவைக்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அலெக்ஸாண்டர் வாட்சன் ஹட்டன், 1853இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கி, 1882இல் பியூனஸ் அயர்ஸில் இருந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்காட்டிஷ் பள்ளிக்குத் தலைமை ஏற்க வந்தார். மாணவர்களுக்கு விளையாட்டு மைதானமும் உடற்பயிற்சிக்கூடமும் வேண்டும் என்று கேட்டார். நிர்வாகக் குழு இசையவில்லை. மனிதர் ராஜினாமா செய்துவிட்டு 1884இல் தாமே ஒரு பள்ளி தொடங்கினார்: பியூனஸ் அயர்ஸ் இங்கிலீஷ் ஹைஸ்கூல். நிர்வாகக் குழுவின் சிக்கனம் ஒரு நாட்டின் விளையாட்டு வரலாற்றையே திருப்பிவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய் இல்லை.

அவருடைய நண்பர் வில்லியம் வாட்டர்ஸ் அந்தப் பள்ளிக்கு வேலைக்கு வந்தபோது தோல் பந்துகளைக் கொண்டுவந்தார். காற்று இறக்கிய பந்துகள். சுங்கச் சாவடியில் அது என்னவென்று யாருக்கும் புரியவில்லை என்றும், கடைசியில் ‘பைத்தியக்கார ஆங்கிலேயருக்கான சாமான்’ என்று எழுதி அனுப்பினார்கள் என்றும் ஒரு கதை அந்நாட்டுக் கால்பந்து வட்டாரத்தில் இன்றும் புழங்குகிறது.

1891இல் அலெக் லமோன்ட் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் ஒரு லீக்கை நடத்திக் காட்டினார். பிரிட்டனுக்கு வெளியே நடந்த முதல் லீக் இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐந்து அணிகள் ஆடின. அதில் ஓல்ட் கலிடோனியன்ஸ் என்ற அணியில் பெரும்பாலோர் நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய் பதிக்க வந்த கம்பெனியின் ஆட்கள். அவர்களும் செயின்ட் ஆண்ட்ரூஸ் அணியும் சமமான புள்ளிகளோடு முடித்தார்கள். பதக்கம் யாருக்கு என்று தீர்மானிக்கத் தனியாக ஓர் ஆட்டம் வைத்ததில் செயின்ட் ஆண்ட்ரூஸ் 3-1 என்று வென்றது. அதோடு சரி. லமோன்ட்டின் சங்கம் ஒரே பருவத்தோடு படுத்துவிட்டது. 1892இல் லீக்கே இல்லை.

வாட்சன் ஹட்டன் 1893 பிப்ரவரி 21 அன்று அதை மறுபடியும் எழுப்பினார். அர்ஜென்டினக் கால்பந்துச் சங்கம் இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். அவரே தலைவர், ஆட்டங்களில் அவரே நடுவராகவும் விசில் பிடித்தார். பள்ளிக்கூடம் நடத்திய அதே கையோடு சங்கத்தையும் நடத்தினார் என்பதே என் எண்ணம். வருகைப் பதிவு, கால அட்டவணை, விதிமீறலுக்குத் தண்டனை, ஆண்டு இறுதியில் பரிசு. லமோன்ட்டுக்கு இல்லாத ஏதோ ஒரு மேதைமை இவருக்கு இருந்தது என்று நினைக்க வேண்டாம். விட்டுவிடாமல் ஆண்டுக்கு ஆண்டு செய்தார், அவ்வளவுதான். சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

அதே 1893இல்தான் நம் கல்கத்தாவில் இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷனும் பிறந்தது. அங்கேயும் நடத்தியவர்கள் ஆங்கிலேயர்கள். ஆனால் கல்கத்தாவில் அவர்கள் ஆட்சியாளர்கள். 1898இல் தொடங்கிய லீக்கில் இந்தியக் கிளப்புகளுக்கு 1914 வரை இடமே தரவில்லை. பியூனஸ் அயர்ஸில் அப்படி ஒரு கதவை அடைத்துவைக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அடைத்தால் தங்கள் சொந்தக் கிளப்பின் கதவைத்தான் அடைக்கலாம். அடைத்தார்கள், அதன் விளைவையும் கண்டார்கள்.

தொடக்க ஆண்டுகளில் கூட்டம் நடந்ததும் ஆங்கிலத்தில், காகிதங்கள் எழுதப்பட்டதும் ஆங்கிலத்தில். லோமாஸ், பெல்கிரானோ, கில்மெஸ் என்று புறநகர்களில் ஆங்கிலேயர் குடியிருந்த பகுதிகளின் கிளப்புகளே மேலோங்கி நின்றன. 1893 தொடங்கி முதல் ஆறு பட்டங்களில் ஐந்தை லோமாஸ் எடுத்துக்கொண்டது. மீதி ஒன்றும் லோமாஸ் அகாடமி என்ற அதன் கிளைக்கே போனது. இப்படி ஒரே வீட்டுக்குள் கோப்பை சுற்றினால் லீக் அலுத்துப்போய்விடும். அலுக்காமல் காப்பாற்றியது இரண்டு காரியங்கள்.

ஒன்று, 1898இல் அரசு பள்ளிகளில் உடற்கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலப் பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகளின் காலுக்கும் பந்து வந்தது. இரண்டு, 1899இல் இரண்டாம் பிரிவு லீக் தொடங்கியது. புதிய கிளப் ஒன்று விண்ணப்பித்து, கீழ்ப்பிரிவில் ஆடி, மேலே ஏறலாம் என்ற படி அமைந்துவிட்டது. சங்கத்தை நடத்திய ஆங்கிலேயர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே காலி செய்வதற்கான வழியைச் சட்டமாக எழுதிவைத்தார்கள் என்று இதைச் சொல்லலாம். தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை. தங்கள் ஊரில் லீக் அப்படி இருந்தது, இங்கேயும் அப்படியே வைத்தார்கள்.

1900இல் வாட்சன் ஹட்டனின் பள்ளி அணி முதல் பிரிவுக்கு வந்து, வந்த ஆண்டே பட்டம் வென்றது. பள்ளியின் பெயரைக் கிளப்புக்கு வைத்தால் விளம்பரம் ஆகிவிடும் என்று சங்கம் ஆட்சேபித்ததால், அடுத்த ஆண்டு அந்த அணி அலும்னி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய மாணவர்கள் என்றே பொருள். 1900 முதல் 1911 வரை பன்னிரண்டு பருவங்களில் பத்துப் பட்டங்கள். சிவப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை. பிரிட்டிஷ் தொழில்முறை அணிகள் கப்பலேறி வந்து ஆடிய காலம் அது. 1904இல் சவுதாம்டன் வந்தபோது நாட்டின் அதிபர் ஹூலியோ ரோகாவே வந்து உட்கார்ந்து பார்த்தார். அலும்னி 3-0 என்று தோற்றது. 1906 ஜூன் 24 அன்று தென்னாப்பிரிக்க அணியை 1-0 என்று வென்றபோது ஊர் கொண்டாடியது.

அலும்னியின் முதுகெலும்பு பிரவுன் குடும்பம். ஹோர்கே, எர்னஸ்டோ, எலிசெயோ, ஆல்ஃப்ரெடோ, கார்லோஸ் என்று அண்ணன் தம்பிகள் வரிசையாக ஆடினார்கள். இவர்களை ஆங்கிலேயர் என்றே அன்றைய பத்திரிகைகள் பார்த்தன. ஆனால் அவர்களுடைய முன்னோர் 1825இல் லீத் துறைமுகத்திலிருந்து ‘சிமெட்ரி’ என்ற கப்பலில் வந்து மோன்டே கிராண்டேயில் குடியேறிய ஸ்காட்லாந்து விவசாயிகள். ஹோர்கே பிறந்தது அர்ஜென்டின மண்ணில், 1880இல். அர்ஜென்டின அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவர். வாட்சன் ஹட்டனின் மகன் அர்னால்டும் அந்நாட்டுக்காக ஆடினார். இவர்களில் யார் அயலார், எந்த ஆண்டிலிருந்து அயலார் இல்லை என்று கோடு கிழிக்க என்னால் முடியவில்லை.

அந்தக் கோட்டை ஒருவர் கிழித்தார், அவரும் கிளாஸ்கோக்காரர்தான். தேயிலை வணிகர் சர் தாமஸ் லிப்டன். இலங்கையில் அப்புத்தளைக்குப் பக்கத்து டம்பத்தென்னத் தோட்டத்தில் நம்மவர்கள் கொழுந்து பறித்த அதே லிப்டன். 1905இல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் ஆண்டுதோறும் மோதட்டும் என்று ஒரு கோப்பை கொடுத்தார். நிபந்தனை: அந்தந்த நாட்டில் பிறந்தவர்கள் மட்டுமே ஆட வேண்டும். வெளியூர்க்காரர் கோப்பையில் உள்ளூர்க்காரருக்கு மட்டும் இடம். கோப்பை கொடுக்கும் பழக்கம் அப்போதைய நிர்வாகிகளுக்கும் இருந்தது. சங்கத் தலைவர் பிரான்சிஸ் செவாலியே பூட்டெல் 1900இல் கொடுத்த கோப்பைக்காக பியூனஸ் அயர்ஸ், ரொசாரியோ, மான்டிவிடியோ மூன்று நகரக் கிளப்புகளும் மோதின. ஆற்றுக்கு அக்கரையில் வேறு நாடு. ஆனாலும் ஒரே போட்டி. தென்னமெரிக்காவில் நாடு தாண்டிய கிளப் போட்டிகளுக்கு இது முன்னோடி.

இதற்கிடையில் நகரம் தன் கிளப்புகளைத் தானே பெற்றுக்கொண்டிருந்தது. 1901இல் ரிவர் பிளேட், 1903இல் ராசிங், 1905இல் போகா ஜூனியர்ஸ். போகாவைத் தொடங்கியவர்கள் ஜெனோவாவிலிருந்து வந்த இத்தாலியக் குடும்பங்களின் பையன்கள். அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் பாடி மெக்கார்த்தி என்ற அயர்லாந்து ஆசிரியர், குத்துச்சண்டை வீரரும்கூட. இண்டிபெண்டியன்டே பிறந்த விதம் இன்னும் சுவையானது. ‘லண்டன் மாநகரம்’ என்ற பெயரில் பியூனஸ் அயர்ஸில் ஒரு பெரிய கடை. அதன் ஊழியர்களுக்கு ஓர் அணி இருந்தது. கடைப் பையன்களிடம் சந்தா வாங்கினார்கள். ஆட விடவில்லை, ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார்கள். பையன்கள் பிரிந்துபோய்த் தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கி, சுதந்திரம் என்று பொருள்படும் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ரயில் பக்கம் போனால் நேர்மாறான கதை. 1889 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ரொசாரியோ நகரில் சென்ட்ரல் அர்ஜென்டின் ரயில்வேயின் ஆட்கள் கூடி ஒரு கிளப் அமைத்தார்கள். தலைவர் காலின் கால்டர். உறுப்பினராக வேண்டுமானால் ரயில்வேயில் வேலை பார்க்க வேண்டும். 1903இல் நடந்த கூட்டத்தில் மிகுவெல் கிரீன் என்பவர் எழுந்து பெயரை ரொசாரியோ சென்ட்ரல் என்று மாற்றலாம் என்றார். ரயில்வேக்காரர் அல்லாதவரையும் சேர்த்துக்கொள்ள அந்தக் கூட்டமே முடிவு செய்தது. அந்தக் கிளப் இன்றும் முதல் பிரிவில் ஆடுகிறது. அதே ஆண்டு, அதே ஊரில், ஐசக் நியூவெல் என்ற ஆங்கில ஆசிரியரின் பள்ளியிலிருந்து பிறந்த நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸும் இருக்கிறது. மெஸ்ஸி சிறுவனாக ஆடியது அங்கேதான்.

ஆனால் அலும்னி இன்று இல்லை. அந்த அணியில் ஆட வேண்டுமானால் இங்கிலீஷ் ஹைஸ்கூலில் படித்திருக்க வேண்டும் என்ற விதியை அவர்கள் கடைசிவரை தளர்த்தவில்லை. தனக்கென்று சொந்த மைதானமும் இல்லை. பத்தாம் பட்டம் வென்ற 1911 பருவத்துக்குப் பிறகு மூத்த வீரர்கள் விலக, பின்னால் வரப் பள்ளியில் போதிய ஆள் இல்லை. 1912 லீக்கில் இறங்கவே இல்லை. சில வீரர்கள் கில்மெஸுக்குப் போனார்கள். அந்த ஆண்டுப் பட்டத்தை கில்மெஸ் வென்றது. 1913இல் அலும்னியை முறைப்படி கலைத்து, கையிருப்புப் பணத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு முடித்த விதத்தில்கூட ஒரு பள்ளிக்கூட நேர்த்தி.

அந்த 1911இல்தான் கல்கத்தாவில் மோகன் பகான் என்ற இந்தியக் கிளப் பிரிட்டிஷாரின் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கியது. நமக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறது, தேதியோடு: ஜூலை 29. அர்ஜென்டினாவுக்கு அப்படிக் கொண்டாட ஒரு நாள் இல்லை. யாரும் யாரையும் விரட்டவில்லை. 1912இல் சங்கம் தன் ஆங்கிலப் பெயரை விட்டு ஸ்பானியப் பெயர் சூடியது. ஃபிஃபாவில் சேர்ந்ததும் அந்த ஆண்டே. அதே ஆண்டு உடைந்தும் போனது. பிரிட்டிஷ் வழிவந்த ஹ்யூகோ வில்சன் தலைமையிலான சங்கத்திலிருந்து ரிக்கார்டோ ஆல்டாவோ தலைமையில் ஒரு பிரிவினர் வெளியேறித் தனிக் கூட்டமைப்பு தொடங்கினார்கள். போர்ட்டேன்யோவும் லா பிளாட்டாவின் எஸ்டுடியான்டெஸும் அந்தப் பக்கம் போயின. இண்டிபெண்டியன்டேயும் போனது. மூன்று பருவங்கள் நாட்டில் இரண்டு லீக், இரண்டு சாம்பியன். 1915இல்தான் ஒன்றானார்கள். சங்கம் உடைவதும் சேர்வதும் நமக்குப் பழக்கப்பட்ட காட்சியே. ஆனால் இந்தச் சண்டை பெரும்பாலும் ஸ்பானிய மொழியில், உள்ளூர்க் கிளப் தலைவர்களுக்குள் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மேசைக்கு இருபுறமும் அவர்களே உட்கார்ந்துவிட்டார்கள்.

மைதானத்திலும் அப்படியே. 1913இல் ராசிங் பட்டம் வென்றது. ஆங்கிலேய வழிவராத கிளப் ஒன்று பட்டம் வென்றது அதுவே முதல் முறை. 1919 வரை தொடர்ந்து ஏழு பட்டங்கள். லோமாஸும் பெல்கிரானோவும் மெல்ல மெல்லக் கால்பந்தை விட்டு ரக்பி, ஹாக்கி என்று ஒதுங்கின. கூட்டம் பெருகி, டிக்கெட் வைத்து, வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கைமாறத் தொடங்கியிருந்த ஆட்டம் அவர்களுக்கு ருசிக்கவில்லை. 1931இல் தொழில்முறை லீக் வெளிப்படையாகவே வந்துவிட்டது. வாட்சன் ஹட்டன் 1936 மார்ச்சில் காலமானார். சங்கத்தின் நூலகத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பதிவேடு எழுதியவருக்கு அது பொருத்தமான மரியாதைதான்.

ஆனால் அயலார் தேவை அதோடு தீர்ந்துவிடவில்லை. வாட்சன் ஹட்டன் இறந்த மறு ஆண்டே சங்கம் இங்கிலாந்திலிருந்து ஐசக் காஸ்வெல் என்ற நடுவரைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தது. 1948இல் ஒரு குழுவாகவே பிரிட்டிஷ் நடுவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. தோற்ற அணியின் ஆதரவாளர்கள் திட்டியது புரியாமல் போனது அவர்களுக்கு வசதியாகவே இருந்திருக்கும். உள்ளூர் நடுவர் விசில் ஊதினால், அவர் மாமனார் எந்தக் கிளப்பில் உறுப்பினர், அவர் குடியிருக்கும் தெரு எந்த அணியின் தெரு என்று கேட்பார்கள். கப்பலில் வந்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. தலைவர் பதவி, செயலாளர் பதவி, பொருளாளர் பதவி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு, அந்த விசிலை மட்டும் அவர்கள் காசு கொடுத்து அயலாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.